எம்டன் தந்த பித்தளை: ஓர் இடைவார்ப் பூட்டின் மூலத்தைத் தேடி



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பித்தளைத் துண்டு. படைவீரன் ஒருவன் தன் இடையில் கட்டிய தோல்வாரின் முகப்பில் இருந்தது அது. நம் வீடுகளில் இதனைப் பக்கிள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இவ்வுரையில் இடைவார்ப் பூட்டு என்று குறிக்கிறேன். மொழிக்கென அமைந்த மேடையில் படைக்கலக் கொட்டிலைச் சேர்ந்த பொருளுக்கு என்ன வேலை என்று தங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்தப் பூட்டின் வாயைத் திறக்க உலோக ஆய்வு ஓரளவே உதவியது. எஞ்சிய வேலையை இரண்டு சொற்களே செய்தன. ஆகவே இம்மேடைக்கு அது உரியது என்றே கருதுகிறேன்.

அதனை என்னிடம் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் அவருடைய பாட்டனார் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாகப் பணியாற்றியவர். பாட்டனாரின் உடைமைகளுள் இக்குடும்பத்துக்கு எஞ்சியவை ஒரு மூக்குக் கண்ணாடியும் இந்தப் பூட்டுமே. பூட்டோடு ஒரு கதையும் வந்திருந்தது. 1914இல் கடல்களைக் கலக்கிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலின் மாலுமி ஒருவன் சிங்கப்பூர்ச் சிறைமுகாமிலிருந்து தப்பிக் காடுவழியே வடக்கே வந்தானாம். பசியோடு தோட்டத்துக்குள் நுழைந்தவனுக்குப் பாட்டனார் மூன்று நாள் சோறிட்டு மறைத்து வைத்தாராம். நன்றிக்கடனாக அவன் தன் இடைவாரை அவிழ்த்துத் தந்து சென்றானாம். அவன் பெயர் ஓவில்லர்ஸ். பெயர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆசிரியை புன்முறுவலோடு பூட்டைத் திருப்பிக் காட்டினார். பின்புறத்தில் கூரிய ஆணியால் கீறிய ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஓவில்லர்ஸ், அதன் கீழ் ஜூலை என்னும் மாதப் பெயர், அதனருகே 16 என்னும் எண்.

அவர் பயின்ற பள்ளியின் மரபுக்கூடத்துக்கு இதனை அன்பளிப்பாகத் தர விரும்பினார். "மூன்று வரியில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதித் தாருங்கள், தம்பி" என்பதே அவர் என்னிடம் கேட்டது. அரைமணி நேர வேலை என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். ஏழு மாதங்கள் ஆயின.

எம்டனின் கதை தங்களுக்குத் தெரிந்ததே, சுருக்கமாக நினைவூட்டுகிறேன். கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் இந்தியப் பெருங்கடலில் தனித்துத் திரிந்த இலகுரகப் போர்க்கப்பல் அது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின்முன் வந்து நின்று சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. இறந்தோர் சிலரே எனினும் நகரமே கிலி பிடித்து, மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடியது. அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில் பொய்யாக ஒரு நான்காம் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. ஷெம்சுக் என்னும் உருசியக் கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் மூஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் அழித்தது. உருசியர் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் சிக்கி, வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் தரைதட்டி முடிந்தது. இரண்டு மாத ஆட்டம்தான். எனினும் அப்பெயர் நம் மொழிக்குள் புகுந்து இன்றளவும் குடியிருக்கிறது. அடங்காதவன், அஞ்சத்தக்கவன், காரியத்தில் கெட்டிக்காரன் என்னும் பொருள்களில் 'அவன் எம்டன்' என்கிறோம். சொல்லின் முதற்பாதியில் எமன் ஒளிந்திருப்பதும் அது வேரூன்ற உதவியிருக்கும் என்பது என் எண்ணம். 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயரிடப்பட்ட திரைப்படம் ஒன்று, தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்குக்காக 'எம் மகன்' என்று மாறியது நினைவிருக்கலாம். ஒரு நூற்றாண்டு நம் வாயில் புழங்கிய சொல்லைத் தமிழன்று எனத் தள்ளிய அந்தக் கணக்கு எனக்கு இன்றும் விளங்கவில்லை. அது நிற்க.

இனிப் பூட்டுக்கு வருவோம். நீள்சதுரப் பித்தளைத் தகடு. நடுவே வெண்ணிற உலோகத்தால் ஆன வட்டப் பதக்கம் ஒன்று தனியே பொருத்தப்பட்டிருந்தது. பதக்கத்தில் ஓர் அரசமுடி. அதனைச் சூழ்ந்து ஒரு வாசகம். பின்புறத்தில் வாரின் கொக்கி மாட்டும் நாக்கும், வாரின் நீளத்தைச் சரிசெய்யும் முட்களும். முட்களோடு சேர்த்துத் தைத்த சிறு தோல் நாவொன்று, காய்ந்து கறுத்து, சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜெர்மானியப் பூட்டு என்றதும் பழம்பொருள் விற்போர் முதலில் உச்சரிப்பது இட்லரின் பெயரைத்தான். ஆசிரியையும் ஒரு கடையில் அதே சொல்லைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். நல்ல விலையும் பேசியிருக்கிறார்கள். அது பிழை. இட்லரின் தரைப்படை வீரர் 1936 முதல் அணிந்த பூட்டில் கழுகும் சுவஸ்திகமும் இருக்கும். அரசமுடி இராது. 1918 நவம்பரில் பேரரசர் வீழ்ந்தார். அம்மாதம் முடிவதற்குள் ஜெர்மானிய அரசர் அனைவரும் முடி இழந்தனர். அதன்பின் படைவீரன் இடுப்பில் அரசமுடிக்கு இடமில்லை. ஆகவே இது 1918க்கு முந்தியது. உலோகம் இன்னும் முன்னே அழைத்துச் செல்கிறது. போர் நீண்டபோது பித்தளை குண்டு உறைகளுக்கு வேண்டியதாயிற்று. 1915 முதல் இரும்புத் தகட்டை ஒரே அச்சில் அடித்துச் சாம்பல்வண்ணம் பூசிய பூட்டுகளே வீரர்க்கு வழங்கப்பட்டன. பித்தளை உடலும் வெண்பதக்கமும் போருக்கு முந்திய நாளின் அடையாளங்கள்.

வாசகம்தான் சிக்கலைத் தந்தது. 'கோட் மிட் உன்ஸ்', அதாவது 'இறைவன் நம்மோடு' என்பது 1847இல் பிரஷ்ய அரசு தன் வீரரின் பூட்டில் பொறித்த வாசகம். பலரும் அறிந்தது அதுவே. உலகச் சந்தையில் மிகுதியாகக் கிடைப்பதும் அதுவே. என் கையில் இருந்ததில் அது இல்லை. 'ஃபுர்ஷ்ட்லோஸ் உண்ட் ட்ரெவ்' என்றிருந்தது. அச்சமிலி, நம்பகமுடையான் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் நம்பகத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல் 'ட்ராய்'. அது 'யூ' என்னும் எழுத்தில் முடியும். இப்பூட்டிலோ 'டபிள்யூ' என்னும் எழுத்தில் முடிந்தது. ஜெர்மானியம் கொஞ்சம் படித்திருக்கிறேன் என்ற செருக்கு எனக்கு உண்டு. எழுத்துப்பிழை கண்டேன், ஆகவே போலி என்று தீர்ப்பு எழுதினேன். ஆசிரியையிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு நிதானத்துக்காக இன்றும் மகிழ்கிறேன்.

போலி என்று ஐயுற்றது மட்டும் தவறன்று. பூட்டுகளின் உலகில் போலி மலிந்து கிடக்கிறது. அமெரிக்க மேற்குப் பகுதியின் பழம்பூட்டுகள் என்று ஒரு காலத்தில் ஏராளமானவை விலைபோயின. அவற்றுக்குச் சான்றாக ஒரு பழைய நூலும் காட்டப்பட்டது. அந்த நூலே போலி என்பது பின்னர்த்தான் வெளிப்பட்டது. பொய்ப்பொருளை மெய்யாக்க மேற்கோள் நூலையே உருவாக்கும் அளவுக்குத் துணிந்தவர்கள் அவர்கள். ஆனால் போலி செய்வோன் பொதுவாக அச்சுவார்ப்பையே நாடுவான். வார்ப்பில் மேற்பரப்பு பூசினாற்போல் மழுங்கியிருக்கும், நுண்குழிகள் தெரியும், பதக்கமும் தகடும் ஒரே துண்டாக இருக்கும். என்னிடம் இருந்ததில் முடியின் மணிகள் ஒவ்வொன்றும் கூர்மையாக நின்றன. பதக்கம் தனித்துண்டு. பதக்கத்தின் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையிலான இடுக்கில் ஒரு நூற்றாண்டுப் பாசி. கைவினை மெய் என்கிறது. எழுத்து பொய் என்கிறது. இரண்டில் ஒன்று தவறு.

தவறியது என் ஜெர்மானியம். 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசாக இணைந்தபோதும் அதன் தரைப்படை ஒரே படையாகிவிடவில்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பர்க் என்னும் நான்கு அரசுகளும் தனித்தனிப் போர் அமைச்சகங்களை வைத்திருந்தன. தொப்பியின் சின்னம் வேறு, இடைவாரின் வாசகம் வேறு. பவேரியனின் பூட்டில் 'இன் ட்ராய ஃபெஸ்ட்'. சாக்சனியனின் பூட்டில் இலத்தீன் வாசகம். தென்மேற்கில் ஷ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்ட வூர்ட்டெம்பர்க் அரசின் வாசகமே நாம் கண்டது. 1818இல் அவ்வரசு நிறுவிய வூர்ட்டெம்பர்க் மகுட விருதின் பதக்கத்திலும் அதே வாசகம், அதே 'டபிள்யூ'. அது பிழையன்று, பழமை. 1522இல் மார்ட்டின் லூதர் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முகப்பில் 'நொய' என்னும் சொல் 'டபிள்யூ' இட்டே அச்சாகியிருக்கிறது. இன்று அதே சொல்லை 'யூ' இட்டு எழுதுவர். மொழி நடந்துபோய்விட்டது, அரச வாசகம் அங்கேயே நின்றுவிட்டது. நமக்கு இது புதிதன்று. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தபின்னும் பழைய கல்வெட்டுப் பலகைகளிலும் பள்ளி முத்திரைகளிலும் துதிக்கை கொண்ட 'லை'யும் 'ணை'யும் அப்படியே இருக்கின்றன. நாளை ஒருவன் அவற்றைப் பார்த்துப் பிழை என்றால் நாம் சிரிப்போம் அல்லவா? அந்தச் சிரிப்புக்கு நான் ஆளானேன்.

வூர்ட்டெம்பர்க் நமக்கு முற்றிலும் அயலான நாடும் அன்று. மலையாளத்துக்கு அகராதியும் இலக்கணமும் செய்த ஹெர்மன் குண்டர்ட் அந்நாட்டவர். ஷ்டுட்கார்ட்டில் பிறந்து டூபிங்கனில் பயின்றவர். இந்தியாவுக்கு வந்த தொடக்க நாள்களில் திருநெல்வேலியில் இருந்தவர். டூபிங்கன் என்னும் பெயரைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

வூர்ட்டெம்பர்க் என்று உறுதியானதும் எம்டன் கதையில் முதல் விரிசல் விழுந்தது. தரைப்படை நான்காகப் பிரிந்திருந்தது, கடற்படையோ ஒன்றே. அது எந்தத் தனியரசுக்கும் உரியதன்று. பேரரசரின் நேரடி ஆணைக்குட்பட்டது. எம்டன் மாலுமிகளில் வூர்ட்டெம்பர்க்கில் பிறந்தவர் இருந்திருக்கலாம். ஆயினும் கப்பலில் அவர்களுக்கு வழங்கப்பட்டது பேரரசின் உடை. தங்கள் அரசின் காலாட்படைப் பூட்டோடு ஒருவன் போர்க்கப்பலில் அணிவகுத்து நிற்க முடியாது.

கதையின் மற்றப் பகுதிகளையும் வரலாற்றோடு ஒட்டிப் பார்த்தேன். கோகோஸ் சண்டையில் உயிர்தப்பிய எம்டன் வீரர் பெரும்பாலோர் கொழும்பு வழியாக மால்ட்டாத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், சிங்கப்பூருக்கு அல்லர். இதனை இங்கே பலர் மாற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்குள்ள டாங்லின் முகாமில் இருந்த எம்டன்காரர்கள், கைப்பற்றப்பட்ட நிலக்கரிக் கப்பல்களை ஓட்டிச் செல்ல அனுப்பப்பட்டு வழியில் பிடிபட்ட ஒரு சிறு குழுவினரே. அவர்களுள் பெயர்பெற்றவர் யூலியஸ் லாவுட்டர்பாஹ். முகாமில் இருந்த 300க்கும் மேற்பட்ட ஜெர்மானியரில் பலர், ஸ்காட்ஸ் சாலை டியூட்டோனியா மன்றத்தில் முன்பு மாலைகளைக் கழித்த நம்மூர் வணிகர்கள். அந்த மன்றக் கட்டடமே இன்றைய குட்வுட் பார்க் விடுதி.

1915 பிப்ரவரி 15ஆம் நாள் பிற்பகலில் ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்திய வீரர் கிளர்ந்தெழுந்தனர். ஒரு பிரிவினர் டாங்லினுக்கு வந்து காவலரைச் சுட்டு வீழ்த்தி, கதவைத் திறந்து ஜெர்மானியரிடம் துப்பாக்கிகளை நீட்டினர். ஜெர்மானியரில் பெரும்பாலோர் தொடவில்லை. முகாமை விட்டு நகரவும் இல்லை. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் 47 வீரர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பலரை ஊட்ரம் சிறைச்சுவரின் அருகே மக்கள் முன்னிலையிலேயே சுட்டனர். ஓரிரவில் கிடைத்த வாய்ப்பில் தப்பிய ஜெர்மானியர் ஒரு சிலரே. லாவுட்டர்பாஹ் படகேறிக் கரிமூன் தீவுக்கும் அங்கிருந்து சுமத்ராவுக்கும் போனார். நடுநிலை வகித்த டச்சு ஆட்சிப்பகுதி தெற்கிலும் மேற்கிலும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதை விட்டுவிட்டு, பிரிட்டிஷார் ஆளும் மலாய் மாநிலங்களின் வழியே பேராக்குக்கு நடக்க எவனும் துணியமாட்டான். மேலும் அந்த 'ஜூலை 16'. எம்டன் அழிந்தது 1914 நவம்பரில், கிளர்ச்சி 1915 பிப்ரவரியில். தப்பியவன் ஜூலை வரை எங்கே இருந்தான்?

இந்நிலையில் அந்தச் சுருண்ட தோல் நாவைத் திறந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். நூலகத்தில் ஏடுகளைச் செப்பனிடும் அன்பர் ஒருவர் ஈரப்பதமூட்டிய பெட்டியில் அதனை நான்கு நாள் வைத்து, மெல்ல விரித்துத் தந்தார். சாய்வான ஒளியில் மூன்று முத்திரைகள் தெரிந்தன. முதலாவது 'பி. ஏ.' என்னும் எழுத்துகளும் உரோமன் எண் 13ம். 'பெக்லைடுங்ஸாம்ட்', அதாவது படைக்கோட்டத்தின் உடைக்கிடங்கு என்பதன் குறுக்கம் அது. பதின்மூன்றாம் படைக்கோட்டம் வூர்ட்டெம்பர்க் அரசுடையது. பூட்டின் முகமும் முதுகும் ஒரே சொல்லைச் சொல்லின. இரண்டாவது 1911 என்னும் ஆண்டு. மூன்றாவது 'ஐ. ஆர். 180'. வூர்ட்டெம்பர்க்கின் பத்தாம் காலாட்படைப் பிரிவு, பேரரசின் வரிசையில் 180ஆம் எண். அதன் பாசறை ஊர் டூபிங்கன்.

அப்பிரிவு போரில் எங்கே இருந்தது என்று பார்த்தபோது இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். 1916இல் அது வட பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில், 26ஆம் சேமப் படைப்பகுதியோடு இருந்தது. ஜூலை முதல் நாள் பிரிட்டிஷார் பெருந்தாக்குதலைத் தொடங்கினர். அந்த ஒருநாளில் பிரிட்டிஷ் தரப்பில் வீழ்ந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் 57,470 பேர்; அவர்களுள் இறந்தோர் 19,240 பேர். 180ஆம் பிரிவு காத்து நின்ற சிற்றூரை நோக்கி வந்த பிரிட்டிஷ் எட்டாம் படைப்பகுதி மட்டுமே 5,000க்கு மேற்பட்டோரை இழந்தது. அன்று ஊர் விழவில்லை. கற்குவியலாக மாறியபின், ஜூலை நடுப்பகுதியில்தான் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அந்த ஊரின் பெயர் ஓவிலேர். ஆங்கில எழுத்தில் பார்த்தால், ஓவில்லர்ஸ்.

ஆம், நூறாண்டுகளாக ஒரு குடும்பம் நன்றியோடு நினைத்த மாலுமியின் பெயர், பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர். பூட்டை மீண்டும் உருப்பெருக்கியின்கீழ் வைத்தேன். 16 என்னும் எண்ணின் முன்னே மேலாக ஒரு சிறு கொக்கிக்குறி; நாங்கள் கீறல் என்று தள்ளியது. ஆங்கிலத்தில் ஆண்டைச் சுருக்கி எழுதுவோர் இடும் குறி. ஜூலை 16ஆம் நாள் அன்று; 1916 ஜூலை.

போர்க்களத்தில் பகைவனின் பூட்டைக் கழற்றி எடுத்து, இடமும் நாளும் கீறி வைப்பது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரரிடையே பரவலாக இருந்த வழக்கம். இத்தகைய பூட்டுகளையும் சின்னங்களையும் கோத்த வாருக்கு 'வெறுப்பு வார்' என்றே ஆங்கிலத்தில் பெயருண்டு. பித்தளைப் பூட்டு 1916இலும் இடுப்பில் இருந்ததில் வியப்பில்லை. புது வழங்கல் இரும்பானபோதும் பழையதை வைத்திருந்தோர் பலர். மலாயாவின் தோட்ட நிர்வாகிகளில் பலர் 1914க்குப்பின் கப்பலேறிப் போர்முனைக்குச் சென்றனர். உயிரோடு மீண்டோர் சிலர் தோட்டங்களுக்கே திரும்பினர். பூட்டு பேராக்குக்கு வந்த வழி இதுவாகவே இருக்க வேண்டும். துரையின் மேசையிலிருந்து கிராணியின் பெட்டிக்கு.

இதனை ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது? பூட்டின் மதிப்பு குறையவில்லை. கூடியிருக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது பூட்டு அன்று. பசித்தவனுக்குச் சோறிட்ட பாட்டனார். நான் கொண்டுபோனதோ அவரைக் கதையிலிருந்து நீக்கும் சான்று. சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஒரே ஒரு வினா எழுப்பினார்: "அப்படியானால் தாத்தா பொய் சொன்னாரா?"

அந்த வினாவுக்கு உலோகத்தில் விடையில்லை. பாட்டனார் என்ன சொன்னார், எந்தச் சொல்லில் சொன்னார் என்று கேட்டேன். அவர் சொன்னதை நேரில் கேட்டவர் யாருமில்லை. பாட்டனார் இறந்தபோது ஆசிரியையின் தந்தைக்கு வயது மூன்று. உறவினர் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துவந்து வளர்த்தனர். அவரோடு வந்தது பூட்டும் ஒரே ஒரு வாசகமும்: "எம்டன் கொடுத்தது." மற்றவையெல்லாம் அந்த வாசகத்தையும் பின்புறத்துப் பெயரையும் வைத்துத் தந்தையில்லாத ஒரு சிறுவன் கட்டி எழுப்பியவை என்பது மெல்ல விளங்கிற்று.

தந்தையைவிடப் பத்து வயது மூத்த அத்தை ஒருவர் பேராக்கில், தோட்டத்தை ஒட்டிய சிற்றூரில் இருக்கிறார் என்று அறிந்தேன். தொண்ணூறைக் கடந்தவர். ஆசிரியையும் நானும் சென்றோம். போகும் வழியில் அவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்: அத்தையிடம் கதையைச் சொல்ல வேண்டா, கப்பல் என்றோ ஓவிலேர் என்றோ வாய்திறக்க வேண்டா, பூட்டைக் கையில் கொடுத்து இது யார் கொடுத்தது என்று மட்டும் கேட்க வேண்டும். சாட்சியின் வாயில் நாமே சொல்லை வைத்துவிடுவது வாய்மொழி வரலாற்றில் அடிக்கடி நேரும் பிழை.

அத்தை பூட்டைத் தடவிப் பார்த்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்.

"இது எம்டன் கொடுத்ததுல்ல?"

எந்தக் கப்பலில் வந்தவர் என்று ஆசிரியை தம்மை மறந்து கேட்டுவிட்டார். நான் தடுப்பதற்குள் கிழவி சிரித்தார்.

"கப்பலா? எந்தக் கப்பல்? எம்டன்னா எங்க தோட்டத்துப் பெரிய துரை, ஆயி. காலையில பெரட்டுக்கு வந்து நின்னாருன்னா நாய்கூடக் கொலைக்காது. எல்லாரும் எம்டன் எம்டன்னுதான் சொல்லுவாங்க. அவர் முன்னால இல்ல, முதுகுக்குப் பின்னால. சண்டைக்குப் போயி ஒரு கை மடங்காம வந்தவரு. சீமைக்குத் திரும்பிப் போறப்ப அப்பாகிட்ட இதையும் ஒரு நாற்காலியையும் குடுத்துட்டுப் போனாரு. நாற்காலி ஜப்பான்காரன் காலத்துல போயிடுச்சு."

தாத்தா பொய் சொல்லவில்லை. எம்டன் கொடுத்தது என்றார், எம்டன்தான் கொடுத்திருந்தார். சிங்கப்பூர்ச் சிறுவன் காதில் அது கப்பலின் பெயராக விழுந்தது. தோட்டத்து வழக்கில் அது ஒரு மனிதனின் பட்டப்பெயராக இருந்தது. சென்னையைச் சுட்ட ஜெர்மானியக் கப்பலின் பெயரை, ஜெர்மானியரோடு போரிட்டுக் கை முடங்கி வந்த ஓர் ஆங்கிலேயனுக்கு நம் தொழிலாளர் சூட்டியிருக்கிறார்கள். அதை அவர் அறிந்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று வண்டியில் திரும்பும்போது எண்ணிச் சிரித்தோம்.

துரை அதனை ஓவிலேரில் தம் கையாலேயே கழற்றி எடுத்தாரா, பாசறையில் மற்றொரு வீரனிடம் சில சிகரெட்டுகளுக்கு வாங்கினாரா என்பதைப் பூட்டு சொல்லாது. இரண்டும் அன்று நடந்தவையே. ஆகவே மரபுக்கூடத்துக் குறிப்பில் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. கேட்டபடி மூன்றே வரிகள் எழுதினேன். வூர்ட்டெம்பர்க் அரசின் 180ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த வீரனின் இடைவார்ப் பூட்டு, 1911. சோம் போர்க்களத்தின் ஓவிலேர் என்னும் இடத்துப் பெயரும் 1916 ஜூலை என்னும் நாளும் பின்புறத்தில் கீறப்பட்டவை. பேராக் தோட்டத்துக் கிராணி ஒருவருக்கு, அவருடைய நிர்வாகி அன்பளிப்பாகத் தந்தது.

ஆசிரியை அதனை இருமுறை படித்தார். பேனாவை வாங்கி, 'நிர்வாகி' என்னும் சொல்லுக்குப்பின் அடைப்புக்குறி இட்டு, தம் கையெழுத்தில் 'எம்டன்' என்று சேர்த்தார். அச்சிட்ட குறிப்பிலும் அது அவ்வாறே இருக்கிறது.